காலில் என்ன போட்டிருந்தாய்?

“பார்த்துப் போகக் கூடாதா?” பழனி மலைத் தோட்டங்களில் வழுக்கி விழுந்தவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். மேஸ்திரி கேட்பார், ஆஸ்பத்திரியில் கேட்பார்கள், வீட்டிலும் கேட்பார்கள். காலில் என்ன போட்டிருந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. தோழர்களே, நாம் அதைக் கேட்போம்.

பாதுகாப்புக் கையேடுகள் வழுக்காத காலணி அணியச் சொல்கின்றன. எழுதியவர்களுக்குக் காலணி என்பது கடையில் வாங்கும் பொருள். நம் தாத்தா பாட்டிகளுக்கோ ஊர்த் தெரு வந்ததும் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டிய பொருள். அது தாத்தா காலத்தோடு முடியவும் இல்லை. பழனி மலையின் வடக்கே, திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்து ராஜாவூரில், கம்பள நாயக்கன் தெருவில் அருந்ததியர் மக்கள் சுமார் 60 பேர் செருப்புக் காலோடு நடந்தது 2023 டிசம்பரில்தான். அதுவும் இயக்கங்கள் துணைக்கு வந்த பிறகு. பொது இடத்தில் தலித், பழங்குடி மக்கள் காலணி அணிவதைத் தடுப்பது குற்றம் என்று, 2015-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது நாடாளுமன்றம் தனியாக எழுத வேண்டியிருந்தது.

தெருவில் செருப்பைத் தடுப்பவரும், தோட்டத்தில் “கூலிக்கு எதுக்குப்பா பூட்ஸ்?” என்பவரும் ஒரே ஆள் என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் நம் கால் கணக்கில் வருவதில்லை, அவ்வளவுதான். சாலை வருவதற்கு முன் பெரியகுளம் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரர்களைச் சுமந்து கொடைக்கானலுக்கு ஏற்றியவையும் கூலிகளின் கால்களே. அந்தப் பாதைக்கே ‘கூலி காட்’ என்று பெயர்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கத்துக் காபித் தோட்டங்கள் பெரும்பாலும் சரிவில் இருப்பவை. பழம் பறிக்கும் காலம், வடகிழக்குப் பருவமழை முடிந்தும் முடியாத நேரம். ஈரச் சருகுக்குக் கீழே கல் எது, குழி எது என்று தெரியாது. தேய்ந்த ரப்பர் செருப்பு, தலையில் மூட்டை. அந்தச் சுமையோடு குனிந்து தரையைப் பார்க்க முடியாது. “பார்த்துப் போ” என்று சொல்பவரின் தலையில் மூட்டை இருப்பதில்லை.

மிளகு இன்னும் மோசம். சில்வர் ஓக் மரத்தில் கொடி மேலே போகப்போக ஒற்றை மூங்கில் ஏணியும் மேலே போகும். கீழே ஏணியைப் பிடிக்க ஆள் வைத்தால் இன்னொரு கூலி கொடுக்க வேண்டும் என்பதால் வைப்பதில்லை. இடுப்புக் கயிறு என்ன விலை? சரிவில் படி வெட்டி ஓரத்தில் கயிறு கட்ட எத்தனை நாள் ஆகும்? மழை நாளில் ஏற வேண்டாம் என்று சொல்லச் செலவே இல்லை.

தொழிலாளியின் கவனக்குறைவு என்று சொல்லி முதலாளி கை கழுவ முடியாது. வேலையின்போது, வேலையால் ஏற்பட்ட காயத்துக்கு இழப்பீடு உண்டு என்ற நெறி 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்துவிட்டது. ஆனால் 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் 5 ஹெக்டேர், 15 தொழிலாளர் என்று எல்லை வைத்தது. கீழ்ப்பழனி மலையில் சிறு தோட்டங்களே ஏராளம்.

வீடு திரும்பினாலும் சரிவுதான். ஊரின் கழிவுநீர் இறங்கும் பக்கம் காலனி, பாசி பிடித்த படி, கைப்பிடி கிடையாது, தெருவிளக்கு எரியாது. குளியலறையில் வழுக்காத விரிப்பு போடச் சொல்லும் அறிவுரை, குளியலறை இருக்கிற வீட்டுக்கு. நம் பெண்கள் இருட்டில் குடத்தோடு அந்தப் படியில் இறங்குகிறார்கள். படிக்குச் சிமெண்டும் கம்பிக் கைப்பிடியும் கேட்டு ஊராட்சிக்கு மனு கொடுப்பது சின்ன வேலை என்று நாங்களே பல வருடம் நினைத்திருந்தோம். அது எங்கள் தவறு.

இந்தப் பருவத்தில் மலைக்குப் போகும் மாணவர்கள், பட்டா மனு, சாதிச் சான்றிதழ் மனுவோடு இன்னொரு தாளும் எடுத்துப் போங்கள். யார், எங்கே, எத்தனை மணிக்கு விழுந்தார், காலில் என்ன இருந்தது, தலையில் எவ்வளவு சுமை, ஏணியை யார் பிடித்தார் என்று அன்றைக்கே எழுதி, உடன் வேலை செய்தவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். முக்கியமாக ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள். “வீட்ல விழுந்துட்டேன்னு சொல்லு, செலவை நான் பாத்துக்கிறேன்” என்று வழியிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். அது சீட்டில் ஏறிவிட்டால் பிறகு இழப்பீடு கேட்பது பெரும்பாடு. வேலை செய்யும்போது தோட்டத்தில் விழுந்தவர் என்று எழுதும்வரை அவர் பக்கத்தில் நில்லுங்கள்.