ஒரு காத்தாடி போதும் சாமி!

சென்னைக்காரனுக்குக் காத்தாடி என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்களில் அது பட்டம், இங்கே காத்தாடி. மொட்டைமாடி, மாஞ்சா, டீல்... மாஞ்சா நூல் ரோட்டில் போகிறவர்களின் கழுத்தை அறுத்ததால் தடை வந்தது, வந்ததும் நல்லதுதான். ஆனால் இங்கே பேச்சு வேறு சாதிக் காத்தாடியைப் பற்றி. காற்று ஊதிய குழாய், 20 மீட்டருக்கு மேல் நீளும் நாலு கயிறு, இடுப்பில் கொக்கி, காலடியில் பலகை. ஆளையே இழுத்துக்கொண்டு கடலில் ஓடுகிற காத்தாடி.

மயிலாப்பூர், அடையாறு பக்கம் இந்தப் பித்து பிடித்த இளவட்டங்கள் கொஞ்சம் பேர் உண்டு. வெள்ளிக்கிழமை ராத்திரி எழும்பூரில் ராமேஸ்வரம் வண்டி ஏறி, ராமநாதபுரத்தில் இறங்கி, பிறப்பன்வலசைக்குப் போகிற கூட்டம். காசு இருந்தால் கொழும்புக்குப் பறந்து கல்பிட்டி. இவர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று: சர்ஃப்போர்டுக்கும் ஹைட்ரோஃபாயிலுக்கும் ஒரே காத்தாடி போதுமா, தனித்தனியாக வாங்க வேண்டுமா?

"ரெண்டும் வேற வேற ஸ்போர்ட் மச்சி, தனித்தனியாத்தான் வாங்கணும்" என்கிற கட்சிதான் பெரியது. கடைக்காரர்கள் முழுக்க அந்தக் கட்சி என்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. புதுக் காத்தாடி ஒன்று ஐரோப்பாவிலேயே 1,000 யூரோவைத் தாண்டுகிறது. அதற்கு மேல் சுங்கவரி, அதற்கும் மேல், கடல் உப்பும் தமிழ்நாட்டு வெயிலும் சேர்ந்து துணியை அரிக்கிற வேகம். பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் காற்றுப்பை ஒட்டிக்கொள்ளும், வால்வு பசை விடும். மாட வீதிக்குப் பின்னால் சந்து வீட்டில், லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் இரண்டு செட்டை எங்கே வைப்பது என்பதற்கு அந்தக் கட்சியிடம் பதில் கிடையாது :-)

சரி, விஷயத்துக்கு வரலாம். இரண்டு பலகைகளும் காத்தாடியிடம் கேட்பது என்ன? சர்ஃப்போர்டில் அலையைப் பிடித்துக் கரைப்பக்கம் இறங்கும்போது ஆள் காத்தாடியை நோக்கியே ஓடுகிறார். கயிறு தொய்கிறது. அந்த நேரத்தில் காத்தாடி முன்னால் பாய்ந்து தலைகுப்புற விழாமல், காற்றோடு பின்வாங்கி அமைதியாக மிதக்க வேண்டும். இதற்கு டிரிஃப்ட் என்று பெயர். ஹைட்ரோஃபாயில்? தண்ணீருக்கடியில் இறக்கை, மேலே பலகை காற்றில். இழுவை குறைவு என்பதால் லேசான காற்றிலும் பறக்கிறது, காத்தாடியையே எட்டிப்பிடிக்கிற வேகம். அங்கேயும் அதேபோல் கயிறு தொய்கிறது, அதே டிரிஃப்ட்தான் வேண்டும். பலகை மாறினாலும் காத்தாடிக்கு வேலை ஒன்றே. "வேற வேற ஸ்போர்ட்" வாதம் இந்த இடத்திலேயே பாதி செத்துவிட்டது.

மிச்சப் பாதி அளவு பற்றியது. ஒரே காற்றில் ஃபாயிலுக்குச் சின்னக் காத்தாடி போதும், சர்ஃப்போர்டுக்குப் பெரியது வேண்டும். அதனால் இரண்டு வேண்டும் என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒரே காற்றில் யார் இரண்டு பலகையையும் ஓட்டப் போகிறார்கள்? காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறும். 10 நாட் 20 நாட் ஆனால் இழுப்பு நாலு மடங்கு. 70 கிலோ ஆளுக்கு ஒரு 9 சதுர மீட்டர் காத்தாடி 18 நாட்டுக்கு மேல் சர்ஃப்போர்டை ஓட்டும். காற்று 12 நாட்டுக்கு இறங்கினால் அதே காத்தாடியில் பலகையை மட்டும் மாற்றி ஃபாயிலில் ஏற வேண்டியதுதான். மாறுவது கால் பக்கம், கை பக்கம் அல்ல. 90 கிலோ ஆசாமி 9-ஐ 11 ஆக்கிக்கொள்ளட்டும், கணக்கு அதேதான்.

இன்னொரு சின்னக் கோஷ்டி, ஒலிம்பிக் கோஷ்டி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஃபார்முலா கைட் முதல்முறையாக வந்தது. மார்செய் கடலில் ஆஸ்திரியாவின் வாலண்டைன் பான்டஸும் பிரிட்டனின் எல்லி ஆல்ட்ரிஜும் தங்கம் வாங்கினார்கள். அதே மார்செயில் நம்ம நேத்ரா குமணனும் விஷ்ணு சரவணனும் பாய்மரப் படகு ஓட்டினார்கள். காத்தாடியில் இந்தியாவிலிருந்து யாரும் இல்லை. அந்தப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு, குழாயே இல்லாத பாராசூட் மாதிரியான ரேஸ் காத்தாடியைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பந்தயக் குதிரை, தட்டையான நீரில் பிரமாதம். அலையில் விழுந்து அறைக்குள் தண்ணீர் புகுந்தால் ஊறின ஜமுக்காளம். 1984-இல் பிரான்ஸின் லெகைனூ சகோதரர்கள் ஊதிய குழாய் வைத்த காத்தாடிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். தண்ணீரில் விழுந்தது மறுபடி எழும்ப வேண்டும் என்பதுதான் அதன் காரணமே. கோவளம் அலையில் அதை விட்டுவிட்டு இதை எடுப்பானேன்?

"சென்னையில் காற்றே கிடையாது, 12 சதுர மீட்டர் ஒற்றை விலா வாங்கு" என்பது அடுத்த அறிவுரை. ஆபத்தானது இதுதான். ஒற்றை விலாக் காத்தாடி எடை குறைவு, மெல்லிய காற்றில் நன்றாக நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் காற்று ஏறினால் துணி படபடக்கும், சக்தியைக் குறைக்க நினைத்தால் அடங்காது. சென்னையின் காற்று எப்படிப்பட்டது? கோடையில் மதியம் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து கரைக்குச் சாய்வாக வருகிறது, இதமானது. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் மேலைக்காற்று, கரையிலிருந்து கடலுக்குள் தள்ளுகிற காற்று. சாயங்காலம் மேற்கே இடிமேகம் திரண்டால், மழைக்கு முன்னால் திடீரென்று ஒரு சூறை, அதுவும் கடலைப் பார்த்து. கையில் 12 சதுர மீட்டரோடு அதில் மாட்டினவருக்குப் பின்னால் அந்தமான் வரை கரை கிடையாது. பட்டினப்பாக்கத்தில் வலை உலர்த்துகிற எந்தப் பெரியவரும் மேற்கு வானத்தைப் பார்த்தே இதைச் சொல்லிவிடுவார். ஆகவே காத்தாடியை மெல்லிய காற்றை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அதிகபட்சக் காற்றில் எவ்வளவு அடங்கும், விழுந்தால் எவ்வளவு சீக்கிரம் எழும்பும் என்பதை வைத்துத்தான். மெல்லிய காற்றைப் பார்த்துக்கொள்ளத்தான் ஃபாயில் இருக்கிறதே!

ஆக, மூன்று விலா, நடுத்தர நீள அகலம், முரட்டுத் துணி, 9. டியோடோன் நியோ இந்த ரகம், எஃப்-ஒன் பாண்டிட்டும் ஏறக்குறைய. ஐந்து விலா வைத்த நீண்ட காத்தாடி எல்லாம் உயரத் தாவுகிறவர்களுக்கு. வாங்கும் முன் பழைய காத்தாடியில் முன்விளிம்புத் தையலைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும், ஊதி ஒரு ராத்திரி வைக்க வேண்டும். காலையில் தொங்கினால் வேண்டாம்.

மிச்சமாகிற பணத்தை ஃபாயிலில் போடலாம். கம்பம் மட்டும் குட்டையாக இருக்கட்டும். பாக் நீரிணைப் பக்கம் இடுப்பளவு ஆழம்கூட இல்லாத இடங்கள் ஏராளம், அடியில் கடற்புல். கடல்பசு மேய்கிற புல் அது. 2022-இல் தமிழக அரசு அங்கே 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாக அறிவித்தது. 90 சென்டிமீட்டர் கம்பத்தை அதில் உழவு ஓட்டுவதற்கு எந்த காத்தாடியும் பரிகாரம் ஆகாது. ஆழம் தெரியாத இடத்தில் சர்ஃப்போர்டை எடுத்துக்கொண்டு, அதே 9-ஐ ஊதிக்கொண்டு கிளம்பலாம்.