முழு என்னும் சொல்லும் மைதா மாவும்

சிறுதானிய பிஸ்கட்டுகள் குறித்து நம் இலக்கிய நண்பர்கள் சிலர் கொண்டிருக்கும் பரவசத்தை என்னால் பகிர்ந்துகொள்ள இயலவில்லை. கூட்டங்களின் தேநீர் இடைவேளையில் சுண்டல் இருந்த இடத்தில் 'முழுதானிய க்ராக்கர்' வந்து அமர்ந்துவிட்டது. கடித்துக்கொண்டே ஒருவர் 'மரபு மீள்கிறது' என்கிறார், மற்றவர்கள் தலையசைக்கிறார்கள். மரபு இத்தனை மொறுமொறுப்பாக, மாதக்கணக்கில் கெடாமல், வெள்ளித்தாளுக்குள் மீளுமா என்று எவரும் கேட்பதில்லை.

புதிதாக வந்த நான்கு வகைகளை வாங்கித் தின்று பார்த்தேன். சுவையில் குறை சொல்ல ஏதுமில்லை, குறை அங்கேதான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டால் எது கம்பு, எது கேழ்வரகு என்று பிரித்தறிய முடியாது. உப்பும் பாமாயிலும் மசாலாத் தூளும் நான்கிலும் ஒரே குரலில் பேசுகின்றன. உறையின் முன்பக்கத்தில் கதிர்கள் அசைகின்றன, மண்பானை இருக்கிறது, ஒரு பாட்டி சிரிக்கிறாள். பின்பக்கத்தில், பொடி எழுத்தில், மூலப்பொருட்களின் பட்டியல். எடை அதிகமானது முதலில் வரவேண்டும் என்பது விதி. முதலில் வருவது கோதுமை மாவு, அல்லது 'சுத்திகரிக்கப்பட்ட' என்ற அடைமொழியோடு மைதா. பாட்டியின் தானியம் எண்ணெய்க்கும் பின்னால் நிற்கிறது. பெயரிலோ படத்திலோ முன்னிறுத்தப்படும் பொருளின் சதவீதத்தைச் சொல்லியாக வேண்டும் என்றும் விதி இருப்பதால், அடைப்புக்குறிக்குள் ஓர் எண் கூச்சத்தோடு ஒளிந்திருக்கிறது. முன்பக்கம் கவிதை, பின்பக்கம் வாக்குமூலம்.

இதை வெறும் வணிகப் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. தானியத்தின் இயல்பே இப்படித்தான். சிறுதானியங்களில் கோதுமையின் பசைப்புரதம் இல்லை. தனியாகப் பிசைந்து மெல்லிய தகடாகத் தேய்த்தால் விண்டுபோகும்; கோதுமையைச் சேர்ப்பதுதான் ஆலைக்கு எளிய வழி. அடுத்தது எண்ணெய்ச் சத்து. கம்பின் முளைப்பகுதியில் கொழுப்பு அதிகம். அரைத்த மாவு சில நாட்களிலேயே காறிக் கசக்கத் தொடங்கும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் உரலில் இட்டு இடித்த பெண்கள் இதை எந்த ஆய்வுக்கூடத்திலும் படிக்கவில்லை. கேழ்வரகில் கொழுப்பு குறைவு, ஆகவே அதன் மாவு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மற்றபடி, முழுமையும் நீண்ட ஆயுளும் ஒன்றுக்கொன்று பகை. பெட்டிக்குள் நெடுநாள் இருக்கவேண்டுமென்றால் தானியம் தன்னில் ஏதோ ஒன்றை இழக்கவேண்டும், அல்லது அளவில் சுருங்கவேண்டும்.

'சிறுதானியம்' என்பதையும் 'முழுதானியம்' என்பதையும் ஒரே பொருளில் புழங்குவது இன்னொரு பம்மாத்து. சாமை, வரகு, தினை, குதிரைவாலி ஆகியவற்றுக்கு உமி நீக்கியாக வேண்டும். இயந்திரத்தில் உமியோடு தவிட்டையும் தீட்டி வெள்ளை வெளேரென்று விற்கிறார்கள். அது சிறியதுதான், முழுமையானது அல்ல. சொற்களைக் காவல் காப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நமக்காவது இந்த வேறுபாடு உறுத்தவேண்டாமா?

இந்த வித்தை நம் ஊரில் பிறந்ததல்ல. அமெரிக்கப் பிரசங்கி சில்வெஸ்டர் கிரஹாம் 1837இல் ரொட்டியைப் பற்றி ஒரு நூலே எழுதினார். சலித்த வெள்ளை மாவும் கடை ரொட்டியும் மனிதனைக் கெடுக்கின்றன, சலிக்காத மாவில் வீட்டுப் பெண்களே ரொட்டி சுடவேண்டும் என்பது அவர் கட்சி. 1851இல் இறந்துபோனார். 1898இல் உருவான நேஷனல் பிஸ்கட் கம்பெனி 'கிரஹாம் க்ராக்கர்' என்று அவர் பெயரிலேயே ஆலைப் பண்டத்தை விற்றது. இன்று அந்தப் பெயரில் விற்கும் பலவற்றில் வெள்ளை மாவும் சர்க்கரையும் இருக்கின்றன. கலகக்காரனை வெல்வதற்கு அவன் பெயரை உறையில் அச்சிடுவதைவிடச் சிறந்த வழி எதுவுமில்லை.

நம்மிடம் கிரஹாம் இல்லை. மாங்குடி கிழார் இருக்கிறார். வரகு, தினை, கொள்ளு, அவரை ஆகிய நான்கையன்றி வேறு உணவில்லை என்னும் புறநானூற்றின் 335ஆம் பாடலை விளம்பரக்காரர்கள் இன்னும் கண்டுபிடிக்காமல் இருந்தால், கண்டுபிடித்துக் கொடுக்க நம்மில் ஆள் இருக்கிறார்கள். அந்த நான்கும் ஒரு நிலத்தின் உணவு, ஒரு வாழ்க்கையின் எல்லை. விற்பனை வாசகம் அல்ல. 1967இல் ரூபாய்க்குப் படியரிசி வந்தபோது மானாவாரிக் குடும்பங்கள் நெல்லுச்சோற்றை மரியாதையின் அடையாளமாகவே கண்டன. கூழ் குடித்தவர்களை ஏளனம் செய்த நாவுகள்தாம் இன்று அதே தானியத்தைச் சிட்டிகையளவு சேர்த்து, கிலோ கம்பின் விலைக்குப் பல மடங்கு கொடுத்து வாங்குகின்றன. 2023ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டு மத்திய பட்ஜெட் உரையில் அவற்றுக்கு 'ஸ்ரீ அன்ன' என்று பட்டமும் சூட்டப்பட்டது. பட்டம் வந்தது. பேச்சில் 'கேவுரு' இருந்த இடம்தான் காணோம்.

குழந்தைகள் இந்த வடிவிலாவது தின்கிறார்களே என்று நண்பர்கள் கேட்பார்கள். தின்னட்டும். பிஸ்கட்டை பிஸ்கட் என்று சொல்லிக் கொடுங்கள், நான் தடுக்கவில்லை. அதற்குப் பாட்டியைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். அதே 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக மாதம் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. உறையில் கதிரும் இல்லை, பானையும் இல்லை. நம் கூட்டம் எதிலும் மரபு மீண்டதாக அன்று யாரும் கைதட்டவில்லை.