ஒரே எண் போதாது

மும்பைத் தமிழர்களுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் உள்ள தொடர்பு நெடுநாளையது. நெல்லை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து விசாவுக்காக இங்கு வந்து, தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் உறவினர் வீடுகளில் தங்கியிருந்து விமானம் ஏறியவர்கள் பலர். 1970-களிலும் 80-களிலும் அவர்கள் எழுதிய கடிதம் வீடு வந்து சேரப் பல நாட்கள் பிடிக்கும். டிரங்க் கால் பதிவு செய்தால் மணிக்கணக்கில் காத்திருக்க நேரிடும். பின்னர் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. கடைகள் வந்தன. அங்கும் ஓடும் மீட்டரைப் பார்த்துப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது.

அந்த நிலை மாறிவிட்டது. வெளிநாட்டுத் தொலைபேசிச் சேவையில் விதேஷ் சஞ்சார் நிகம் வகித்த தனியுரிமை 2002 மார்ச் 31-உடன் முடிவுற்றது. கட்டணங்கள் சரிந்தன. கைபேசியும் இணையமும் பரவிய பிறகு, மஸ்கட்டில் இருக்கும் மகனின் முகத்தைத் தாய் அடுப்படியில் நின்றபடியே பார்த்துப் பேசுகிறாள். இது வரவேற்கத்தக்க வளர்ச்சி என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

ஆயினும் இந்த வசதியோடு ஒரு கவனக்குறைவும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்நாளைய கடித உறையில் கம்பெனியின் பெயரும் அஞ்சல் பெட்டி எண்ணும் இருந்தன. இன்று பல குடும்பங்களின் கையில் இருப்பது ஒரே ஒரு கைபேசி எண். கம்பெனி எது, தங்குமிடம் எந்தப் பேட்டையில், உடன் தங்கியிருப்பவர் யார் என்று கேட்டால் பதில் இல்லை. தினமும் பேசுகிறோமே, அது போதாதா என்று இருந்துவிடுகிறார்கள். போதாது என்பதை அண்மைய ஆண்டுகளின் நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் விடியற்காலையில் மூண்ட தீயில் நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மாண்டனர். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். இத்தகைய செய்தி வந்ததும், அந்த ஊரில் ஆள் இருக்கும் வீடுகளில் எல்லாம் எழும் முதல் கேள்வி, "அவர் அந்தக் கட்டடத்திலா இருந்தார்?" என்பதே. கட்டடத்தின் பெயர் தெரியாதவர்கள் கைபேசியையே அழுத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். மணி அடித்தும் எடுக்கவில்லை என்றால் அவர் இரவு ஷிப்டில் இருக்கிறாரா, ஆபத்தில் இருக்கிறாரா என்று யார் சொல்வது?

விபத்து நேர்ந்தால்தான் எண் பயனற்றுப் போகும் என்பதில்லை. 2022-ல் தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர்கள், தமிழர் உட்பட, மியான்மரின் மியாவாடி பகுதியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். அப்படிப்பட்ட இடங்களில் கைபேசியைப் பறித்துக்கொண்டால் தொடர்பும் அற்றுப்போகிறது. ஐக்கிய அரபு அமீரகத்திலோ வாட்ஸ்அப்பில் செய்தி எழுதலாம். பேசுவதற்குப் பொதுவாக அனுமதியில்லை. போட்டிம் போன்ற உரிமம் பெற்ற செயலிகளையே நாட வேண்டும். இதை அறியாமல் போய் இறங்கியவர் முதல் வாரம் முழுவதும் பேச முடியாமல் தவிப்பதும், இங்கே வீட்டார் கலங்குவதும் வீண் துன்பம்.

ஆகவே புறப்படுமுன் செய்ய வேண்டியவை சில உண்டு. பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்கள் வீட்டில் இருக்க வேண்டும். கம்பெனியின் பெயர், தங்கும் கட்டடம், உடன் வேலை செய்யும் இருவரின் எண்கள், அந்நாட்டு இந்தியத் தூதரகத்தின் எண் ஆகியவற்றை நாட்டுக் குறியீட்டுடன் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். இடம் மாறினால் அன்றே திருத்த வேண்டும். செல்பவரும் வீட்டு எண்கள் இரண்டையாவது மனப்பாடம் செய்துகொள்வது நலம். கைபேசி தொலைந்தால் அதிலுள்ள எண்களும் சேர்ந்தே தொலையும். துபாய் நேரம் இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி பின்தங்கியது. சவூதி, குவைத், கத்தார் நேரம் இரண்டரை மணி. இதைக் கணக்கிட்டு, பேசுவதற்கு ஒரு நாளும் நேரமும் குறித்துக்கொண்டால், அழைப்பு தவறும்போது உடனே விசாரிக்கத் தோன்றும்.

பிள்ளைகளைப் பார்க்கச் சில வாரப் பயணமாகச் செல்வோருக்கும் எச்சரிக்கை தேவை. ரோமிங் திட்டம் போடாமல் இந்திய சிம்மோடு இறங்கினால், வரும் அழைப்புக்கும் கட்டணம் ஏறும். அங்கேயே ஒரு சிம் வாங்கிக்கொள்வது பெரும்பாலும் சிக்கனம். அதற்காக இந்திய எண்ணைச் சாகவிடக் கூடாது. வங்கியின் ரகசிய எண் அதற்குத்தான் வருகிறது. நெடுநாள் பயன்படுத்தாத எண் வேறொருவருக்கு வழங்கப்பட்டுவிட்டால், அந்தச் செய்தி முன்பின் தெரியாதவர் கைக்குப் போய்ச் சேரும்.

பொறுப்பு முழுவதையும் ஏழைத் தொழிலாளியின் தலையில் சுமத்துவது நியாயமாகாது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி பெற்றுச் செல்வோரின் வேலை விவரம் அரசிடம் பதிவாகிறது. அந்த விவரம் குடும்பத்தாருக்கும் அவர்கள் மொழியிலேயே அச்சிட்டுத் தரப்பட வேண்டும். போய்ச் சேர்ந்த அன்றே வீட்டாருடன் பேச வழி செய்து தருவதும், விபத்து நேர்ந்தால் உடனே தகவல் தருவதும் வேலை அளிப்பவரின் கடமை என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். சுற்றுலா விசாவில் அனுப்பப்படுவோரின் வேலை விவரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அவர்களை அனுப்பும் ஏஜெண்டுகள் மீது கடும் நடவடிக்கை தேவை.

மும்பையிலுள்ள தமிழ்ச் சங்கங்களும் இதில் கை கொடுக்கலாம். விண்ணப்பம் எழுதத் தெரியாத குடும்பங்களுக்கு, வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதிவு செய்து கொடுக்க, வாரம் ஒரு மாலை இரண்டு எழுத்தர்கள் முன்வந்தாலும் பெரும் உதவியாகும்.

கடல் கடந்து உழைப்பவர் தம் குடும்பத்துக்காகவே போகிறார். அவர் எங்கே இருக்கிறார் என்பதை அந்தக் குடும்பம் அறிந்திருப்பது அவருக்குரிய முதல் பாதுகாப்பு. அந்த நோட்டை எழுதி வைக்கும் வேலையை எந்த வீடும் நாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம்.