விடுபட்ட எண்ணும் விடுபட்ட நெசவாளரும்

திருப்பூர், அவிநாசி, காங்கேயம் வட்டாரங்களில் நெசவாளர் சங்கமாயினும் விவசாயிகள் சங்கமாயினும், பேரேட்டின் இடத்தைக் கணினி பிடித்து வருகிறது. தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022-இல் ஒப்புதல் அளித்தது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், கணினியின் விடை என்றவுடன் மறுபேச்சின்றிக் கையொப்பமிடும் வழக்கம் பரவலாகாது.

கணினி ஏடுகளிடம் வினவும் மொழி எஸ்கியூஎல் எனப்படும். 1970-இல் எட்கர் காட் வகுத்த கொள்கையைத் தழுவி, ஐ.பி.எம். நிறுவனத்தின் சேம்பர்லினும் பாய்ஸும் 1974-இல் இதன் முதல் வடிவை வெளியிட்டனர். சொற்கள் எளியவை, பொருளோ சில சமயம் நாம் எண்ணியதன்று.

ஓர் உதாரணம் காண்போம். ஒரு சங்கத்தில் 100 நெசவாளர்கள். ஆளுக்கொரு சீட்டாக 60 பேருக்குப் போனஸ் பட்டுவாடா ஆகிவிட்டது. பதிவின்போது ஒரு சீட்டில் அங்கத்தினர் எண் விடுபட்டுப் போயிற்று. "பெற்றோர் பட்டியலில் எண் இல்லாதவர் யார்?" என்று 'நாட் இன்' என்னும் சொல்லால் கேட்கிறோம். 40 பெயர்களை எதிர்பார்க்கிறோம். "ஒருவருமில்லை" என்கிறது கணினி!

இது பொய்யன்று. விடுபட்ட எண்ணைக் கணினி 'நல்', அதாவது அறியப்படாதது, எனக் கொள்கிறது. 72-ஆம் எண்ணுடையவர் பெறவில்லையா? அந்த வெற்றிடம் 72 ஆகவும் இருக்கலாமன்றோ? ஆகவே உறுதி கூற இயலாது. இவ்வாறே ஒவ்வொருவரும் பட்டியலினின்று நீங்கிவிடுகின்றனர். ஓர் எழுத்தரின் மறதியால் 40 குடும்பங்களின் போனஸ் மறைந்து போகிறது.

'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்று கேட்டால் 41 பெயர்கள் வரும். 100-இல் 60 போக 40 தானே? மிகுதியான அந்த ஒரு பெயரே பிழையுள்ள சீட்டை நமக்குக் காட்டிக் கொடுக்கும்.

விவசாயிகள் சங்கத்திலும் இத்தகைய விபரீதம் உண்டு. 500 ரூபாய் பங்குத்தொகை செலுத்தியவருக்கு மூன்று பயிர்க்கடன்கள் இருப்பின், இரு ஏடுகளையும் இணைத்துக் கூட்டும்போது பங்குத்தொகை 1,500 ஆகிவிடும்.

ஆகவே நிர்வாகிகளுக்கு நாம் கூறுவது இரண்டே. அங்கத்தினர் எண்ணின்றி எப்பதிவையும் ஏற்காதவாறு ஏட்டை அமைக்கச் செய்யுங்கள். விடை வந்ததும் மொத்தத்தைக் கையால் கூட்டிச் சரிபாருங்கள். இயந்திரம் கேட்டதற்கே விடை தரும். கேட்டது சரிதானா என்று பார்ப்பது நம் கடமை.