கடலடி நிலம் யாருடையது?

காலிமுகத்திடலில் மாலை வேளையில் உலாவச் செல்வோர், முன்னர் கடலைக் கண்ட திசையில் இன்று நிலத்தைக் காண்கின்றனர். 269 ஹெக்டேயர் பரப்புள்ள அந்நிலம் நம் முன்னோர் எவரும் உழுததன்று; எவரும் உறுதி முடித்து விற்றதுமன்று. 2014 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் வேலை தொடங்கி, ஓரிடத்துக் கடலடியில் மணலை அள்ளி இன்னோரிடத்துக் கடலில் கொட்டி எழுப்பிய நிலம் அது. துறைமுக நகர் எனப் பெயர் பெற்ற அந்நிலத்தை 2019 இல் பாராளுமன்றம் கொழும்பு நிருவாக மாவட்டத்தோடு சேர்த்துக்கொண்டது. பிறந்த பிள்ளைக்குப் பதிவு எழுதியாயிற்று. ஆயினும், அந்நிலம் நீருக்கு அடியில் கிடந்த காலத்தில் யாருடையதாயிருந்தது, யாரைக் கேட்டு அது மேலே கொண்டுவரப்பட்டது என்னும் வினாக்கள் அப்படியே நிற்கின்றன.

இது சட்டத்தரணிகளின் வழக்காடல், நமக்கென்ன என்று இப்பக்கத்தின் வாசகர் சிலர் எண்ணலாம். ஹெவ்லொக் டவுனிலும் வெள்ளவத்தையிலும் குடியிருப்போர் அப்படி எண்ணுவதற்கில்லை. நம் வீடுகளை ஒட்டி ஓடும் கால்வாய் கடலில்தான் விழுகிறது. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், நீர் ஏறும் எல்லையிலிருந்து 300 மீற்றர் உள்நோக்கியும், நீர் வற்றும் எல்லையிலிருந்து 2 கிலோமீற்றர் கடல்நோக்கியும் கரையோர வலயம் என வரையறுத்திருக்கிறது. அவ்வலயத்துள் கட்டடம் எழுப்ப விரும்புகிறவர் அனுமதி கேட்டு நடக்கிறார். அந்த அனுமதியைத் தருவது மாகாணமன்று, மத்தி.

1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் காணியை மாகாண சபைப் பட்டியலின் 18 ஆம் இலக்கத்தில் வைத்தது. ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பற்றிக்கொள்ளும் வித்தையை அதே திருத்தத்திற் காணலாம். அரச காணியும் அலை ஏறி இறங்கும் கரைநிலமும், 18 ஆம் இலக்கம் விட்டுக்கொடுத்த அளவு நீங்கலாக, மத்தியின் பட்டியலில் எழுதப்பட்டன. ஆறுகளும் நீர்வழிகளும் ஆட்புலக் கடலும் உள்நாட்டு நீர்ப்பரப்பும் அதே பட்டியலில் அடங்கின. அரச காணி குடியரசுக்கே உரித்தாகத் தொடரும் என்று பின்னிணைப்பு கூறிற்று. காணிக் கொள்கையை வகுக்க மாகாணப் பிரதிநிதிகளும் அமரும் தேசியக் காணி ஆணைக்குழு ஒன்று அமையும் என்றும் அது கூறிற்று. முப்பது ஆண்டு கடந்த பின்னரும் அவ்வாணைக்குழு அமையவில்லை. 2013 இல், மலையகத் தோட்டக் காணி பற்றிய வழக்கொன்றில், அரச காணி மீது மாகாணத்துக்கு அதிகாரமில்லை என உயர் நீதிமன்றம் தீர்த்தது. காய்ந்த நிலத்திலேயே நிலைமை இதுவாயின், நீருக்கு அடியிலுள்ள நிலத்தில் மாகாணத்தின் குரல் எவ்வளவு என்று சொல்லவேண்டியதில்லை.

2021 இல் துறைமுக நகர் ஆணைக்குழுச் சட்டமூலம் வந்தபோது கேட்பதற்கு மேல் மாகாண சபையே இருக்கவில்லை. அதன் பதவிக்காலம் 2019 ஏப்ரிலில் முடிந்திருந்தது, தேர்தல் நடக்கவில்லை. மாநகர சபைகள் கட்டளைச் சட்டமும் அந்நிலத்திற்குப் பொருந்தாது எனச் சட்டத்தின் அட்டவணை கூறிற்று. சபையில்லாக் காலத்தில் நிலம் பிறந்தது தற்செயல் எனக் கொள்வோம். தற்செயல்கள் இவ்வளவு வசதியாக அமைவது அரிது.

கூட்டாட்சி நாடுகளில் இவ்வழக்கு எவ்வாறு சென்றது? ஐக்கிய அமெரிக்காவில், நீர்ப்பெருக்கு ஏறும் நிலமும் கப்பல் செல்லும் ஆறுகளின் படுகையும் அந்தந்த மாநிலத்துக்கே உரியவை என 1845 இல் உயர் நீதிமன்றம் கூறிற்று. கடலுக்கடியில் எண்ணெய் கண்டதும் கதை மாறிற்று. கலிபோர்னியாக் கரைக்கு அப்பாலுள்ள கடலடி நிலத்தில் மேலாதிக்கம் மத்திக்கே என 1947 இல் அதே நீதிமன்றம் தீர்த்தது. மாநிலங்கள் ஆர்ப்பரித்தன. 1953 இல் காங்கிரஸ் சட்டமியற்றிக் கரையிலிருந்து மூன்று கடல்மைலை மாநிலங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. இந்தியாவோ தன் அரசியலமைப்பின் 297 ஆம் உறுப்புரையில் கடலடிச் செல்வத்தை ஒன்றியத்திடமே வைத்துக்கொண்டது.

மாகாணத்துக்கு உரிமையைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று முடிவுகட்ட என் மனம் ஒப்பவில்லை. சிக்காகோ நகரின் கதை அதற்குத் தடையாக நிற்கிறது. 1869 இல் இலினோய் மாநிலச் சட்டசபை, அந்நகரத்து ஏரிக்கரையில் ஒரு மைல் தூரம் வரை நீருக்கடியில் கிடந்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை ஒரு புகையிரதக் கம்பனிக்குக் கொடுத்தது. கொடுத்தது மத்தியன்று, மக்களுக்கு அண்மையிலுள்ளதெனப் புகழப்படும் மாநிலமே. ஆளுநர் மறுத்தார், சபை அவர் மறுப்பை மீறிற்று. நான்காண்டு கழித்து, 1873 இல், புதிய சபை அக்கொடையை மீட்டது, கம்பனி வழக்காடிற்று. 1892 இல் உயர் நீதிமன்றம், அந்நிலத்தை மாநிலம் தன் சொந்தச் சொத்தாக வைத்திருக்கவில்லை, மக்கள் கலஞ்செலுத்தவும் மீன்பிடிக்கவும் வணிகம் செய்யவும் பொறுப்பாக வைத்திருக்கிறது, பொறுப்பை விற்கமுடியாது என்று கூறிற்று. நம் உயர் நீதிமன்றமும் 2000 இல் எப்பாவலைப் பொஸ்பேற்று வழக்கில் இயற்கை வளத்துக்கு அரசு காவலனே என்று ஏறத்தாழ இதையே கூறியது. அரசன் நிலத்தின் காவலனேயன்றி உரியவனல்லன் என்று மகிந்த தேரர் தேவநம்பியதீசனுக்கு உரைத்ததாக வழங்கும் அறிவுரையையும் அத்தீர்ப்பு நினைவூட்டியது.

நம் கரையோர மக்கள் இக்கருத்தை நீதிமன்றத்திற் கற்றவரல்லர். கரைவலை இழுப்போர் கரையையும் அதன் முன்னுள்ள கடலையும் 'பாடு' எனப் பகுத்துக்கொண்டுள்ளனர். ஒருவர் பாட்டில் மற்றவர் வலை வளைப்பதில்லை. யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் களங்கண்ணி கட்டும் இடத்துக்கும் முறையுண்டு, வரிசையுண்டு. இவர்களுள் எவரும் கடலடி மண் தமக்குச் சொந்தமென்று சொல்லுவதில்லை. அதைப் பயன்கொள்ளும் முறை தமக்குண்டு என்கின்றனர். உழைப்புக்கும் துன்பத்துக்கும் தமிழில் பாடு என்றே பெயர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்பும் பாக்குநீரிணையின் சங்குக்குளிப்பும் அரசருக்கும் சேதுபதிகளுக்கும் கொம்பனியாருக்கும் வருவாய் தந்தன. உறுதிப்பத்திரத்தில் பெயர் மாறிற்று, மூழ்கியவன் மாறவில்லை. அண்மைக் காலத்தில் வடக்கின் நீரேரிகளில் கடலட்டைப் பண்ணைகளுக்கு வேலியடித்தபோது, எங்கள் வழியும் தொழிலிடமும் அடைபடுகின்றன என்று மீனவர் முறையிட்டனர். உரிமைப் பத்திரம் தமக்கு வேண்டுமென்று அவர்கள் கேட்கவில்லை. தம்மைக் கேட்கவில்லையே என்பதுதான் முறையீடு.

துறைமுக நகருக்கும் இதே குறை உண்டு. சுற்றாடல் தாக்க அறிக்கைகள் எழுதப்பட்டன, உண்மை. நிலத்தின் கணக்கும் வகுக்கப்பட்டது: 116 ஹெக்டேயர் 99 ஆண்டுக் குத்தகையில் கம்பனிக்கு, 62 அரசுக்கு, 91 பொதுப் பயனுக்கு. மணல் அள்ளப்பட்ட கடலை நம்பியிருந்த நீர்கொழும்புப் பகுதி மீனவர் வீதிக்கு வந்து எதிர்த்தனர். எழும்பிய நிலத்திற்குப் பங்கு பிரித்தவர்கள் தாழ்ந்த கடலடிக்குப் பங்கு பிரிக்கவில்லை.

ஆகவே என் கருத்து இது. கடலடியின் உரித்துக் குடியரசின் பெயரில் இருக்கட்டும். கடல் ஒன்று, மாகாணந்தோறும் அதைக் கோடு கிழித்துப் பங்கிடுவது மீனுக்கும் மீனவனுக்கும் பொருந்தாது. ஆனால் அதை நிரப்புவதற்கும், தோண்டுவதற்கும், வேலியடைப்பதற்கும், குத்தகைக்கு விடுவதற்கும் முன்னர் அக்கரைக்குரிய மாகாண சபையின் இசைவும் அங்கு தொழில் செய்வோரின் வெளிப்படையான விசாரணையும் சட்டத்தில் கட்டாயமாக எழுதப்படவேண்டும். சபை இல்லையெனில் வேலையும் இல்லை என்று எழுதப்படவேண்டும். அபிவிருத்தி தாமதமாகும் என்பர். ஆம், தாமதமாகும், 99 ஆண்டுக் குத்தகைக்கு ஓராண்டு விசாரணை பெரிதன்று.

மேல் மாகாண சபை ஒன்று கூடும் நாளில் அது முதலிற் கேட்கவேண்டியது மணற் கணக்கு: எவ்விடத்தில் அள்ளினர், எவ்வளவு ஆழத்திற்கு அள்ளினர், அள்ளிய இடத்திற்கு மீன் திரும்பியதா என்பது.