கோவளத்துக் கடலில் ஒரு துடுப்புப் பயணம்



அடி அண்ணாமலையில் அமர்ந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுவதா என்று நீங்கள் நகைக்கக்கூடும். மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் பாதையின் ஓரத்திலுள்ள சிற்றூர் இது. ஏரியும் கிணறும் உண்டு. கடலோ 100 கிலோமீட்டருக்கு அப்பால். ஆயினும் உள்நாட்டுக் குடும்பங்கள் பல, பள்ளி விடுமுறையில் கோவளம் தமீமுல் அன்சாரி (ரலி) தர்காவுக்கு ஜியாரத் செல்வதுண்டு. வேன் நின்றதும் பிள்ளைகள் ஓடுவது அலையை நோக்கித்தான். இம்மாதம் எழுத விழைவது அந்த ஓட்டத்தைக் குறித்தே.

துருக்கியின் தென்கரையில் கெகோவா என்றொரு தீவு இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு நிலநடுக்கத்தில் அதன் கரையோர ஊரொன்று நீரில் அமிழ்ந்தது. இன்று பயணிகள் சிறு படகுகளிலும் பலகைகளிலும் வழிகாட்டியின் பின்னே மெல்லத் துடுப்பிட்டு, நீருக்கடியில் தெரியும் சுவர்களையும் படிக்கட்டுகளையும் பார்த்துச் செல்கின்றனர். பத்தடி நீளப் பலகையின்மேல் நின்றுகொண்டு ஒற்றைத் துடுப்பால் செலுத்தும் இந்த விளையாட்டு, ஹவாய்த் தீவுகளிலிருந்து உலகெங்கும் பரவியது.

நமக்கோ இது புதுமையே அன்று. கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து, அதன்மேல் முழந்தாளிட்டும் நின்றும் துடுப்பிட்டுச் சென்றவர்கள் சோழமண்டலக் கரை மீனவர்கள். 1697இல் வெளிவந்த தம் பயண நூலிலேயே வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி கட்டுமரம் என்ற சொல்லைப் பதிவு செய்துவிட்டார். கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்னும் மீனவர் 2012இல் அலைச்சறுக்குப் பள்ளி நிறுவிய பிறகு, அவ்வூர் இளைஞர்கள் பலர் அலைப்பலகையிலும் துடுப்புப் பலகையிலும் தேர்ந்து பிறருக்குக் கற்பிக்கின்றனர். தந்தை கட்டுமரத்தில் கற்ற கடலை மகன் பலகையில் கற்பிக்கிறான் என்றே சொல்லத் தோன்றுகிறது.

கரையில் நின்று பார்ப்பதினும் நீரிலிருந்து பார்த்தால் கோவளத்தின் வரலாறு நன்கு விளங்கும். ஆர்க்காட்டு நவாப் சஆதத்துல்லாஹ் கான் வளர்த்த துறைமுகம் இது. அவர் பெயராலேயே சஆதத் பந்தர் எனப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்ஜிய நாட்டு ஆஸ்டெண்டு நகர வணிகர்களும் இங்கே பண்டகசாலை வைத்தனர். கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தனர். 1752இல் ராபர்ட் கிளைவ் அவர்களிடமிருந்து கைப்பற்றினார். பின்னர் அது தகர்க்கப்பட்டது. கோட்டை நின்ற இடத்தில் இன்று நிற்பது நட்சத்திர விடுதி! தர்காவும் மாதா கோயிலும் மீனவர் குடியிருப்பும் அருகருகே அமைந்த அந்தக் கரையை நீரிலிருந்து ஒரே பார்வையில் காணலாம். பெரியவர் தமீமுல் அன்சாரி அவர்களின் உடல் பேழையொன்றில் கடல் வழியே வந்து சேர்ந்தது என்பது அங்குள்ளோர் நம்பிக்கை.

ஆனால் வங்கக் கடல் கெகோவாவின் அமைதியான நீரன்று. நம் பிள்ளைகள் இடுப்பளவு நீர்தானே என்று இறங்குகிறார்கள். கரையில் மோதிய நீர் ஏதேனும் ஓர் இடைவெளி வழியாகக் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அந்த இடத்தில் அலை உடையாது. பார்க்க அமைதியாகத் தோன்றும். இங்கே குளிப்பதே நல்லது என்று எண்ணத் தோன்றும் இடமே ஆளை இழுத்துச் செல்லும் இடம். அகப்பட்டவர் நேரே கரையை நோக்கிப் போராடிக் களைத்து மூழ்குகிறார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகிய பின்னரே கரை திரும்ப வேண்டும். 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரைதான் கோவளம். கொடி பறந்தால் நீரோட்டம் நின்றுவிடுமா என்ன?

ஆகவே, நீரில் இறங்க விரும்பும் பிள்ளையை அறிந்தவர் கையில் ஒப்படையுங்கள் என்கிறேன். நல்ல வழிகாட்டி முதலில் கேட்பது, நீந்தத் தெரியுமா என்பதே. புதியவரை அவர் அலைக்குள் அழைத்துச் செல்வதில்லை. முட்டுக்காட்டுப் பக்கத்துக் கழிமுகத்தின் அசையா நீரில் தொடங்குவார். லைஃப் ஜாக்கெட் அணிவித்து, பலகையோடு பிணைக்கும் வாரைக் கணுக்காலில் கட்டுவார். முதலில் முழந்தாளிட்டும், பின்னர் பாதங்களை அகற்றி நின்றும் பழகவேண்டும். விழுந்தால் பலகையை விட்டு நீந்தலாகாது, மிதப்பது அதுவே. காலையில் சில பருவங்களில் மேற்கிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். அப்போது நீர் கண்ணாடி போலிருக்கும்; போவது எளிது, திரும்புவதோ கடினம். இதை உள்நாட்டார் அறியார், மீனவர் அறிவார். இன்று வேண்டாம் என்று அவர் சொன்னால், கட்டணம் கொடுத்தாயிற்றே என்று வாதிடாதீர்கள்.

சகோதரிகளுக்கு ஒரு சொல். புடவையும் தளர்ந்த நீண்ட அங்கியும் நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். கையும் காலும் முழுதும் மூடிய நீச்சலாடைகள் கிடைக்கின்றன. வெயிலுக்கு அஞ்சி வழிகாட்டிகளே முழுக்கைச் சட்டைதான் அணிகிறார்கள். பெண் பயிற்றுநர் உண்டா என்பதை முன்னதாகவே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன் நீச்சல் வேண்டும். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிப் பிள்ளைகளைக் கிணற்றில் இறக்கிய பாட்டனார்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். கோடை விடுமுறைக்குக் கோவளம் போவதாயின், பங்குனியிலேயே பையனையும் பெண்ணையும் நீரில் இறக்கிவிடுங்கள். பெரியவர் ஒருவர் உடன் இறங்கட்டும்.