கடனுக்கு முன் கூரையை அளக்க வேண்டும்

மொட்டை மாடியில் வெயில் காய்ந்தால் சூரிய மின்சாரத்துக்குப் போதும் என்று பல விவசாயிகள் எண்ணுகிறார்கள். அது போதாது. ஒரு கிலோவாட் தகடுகளுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும்; நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். சித்திரையில் உச்சி வெயிலில் நிழல் தெரியாது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்வதால், தெற்கிலுள்ள தென்னையின் நிழல் மாடியில் நீண்டு விழும். ஒரு தகட்டில் விழும் நிழல், அதனுடன் இணைந்த மற்றவற்றின் உற்பத்தியையும் குறைக்கக்கூடும். ஆகவே மார்கழியில் ஒரு நாள், காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை நிழல் படும் இடங்களைச் சுண்ணாம்பால் குறித்து, மீதியை அளக்க வேண்டும். மாடி ஏறிப் பார்க்காமல் விலை பேசுபவரிடம் முன்பணம் கொடுப்பது, மண்ணைப் பார்க்காமல் விதை வாங்குவது போன்றது. மானியம் கிடைத்தாலும் மீதிக் கடன் விவசாயி தலையில்தான். காய்க்கும் தென்னையை வெட்டுவதைவிடத் தகடுகளைக் குறைத்துக்கொள்வதே மேல்.